வேலூர்ல இருந்து சென்னைக்கு குடி போறோம், அந்த நெரிசல் பழகிடுமா?

வத்தல்வடாம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நாங்க சத்துவாச்சாரி. சொந்த வீடு, சின்னது தான், கீழ நாங்க நாலு பேரு, மேல மொட்டை மாடி. நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், இப்ப சென்னை ஆபீசுக்கு மாத்திட்டாங்க, ஜூன்ல போய் சேரணும். சம்பளம் கொஞ்சம் ஏறுது. வீட்டுக்காரருக்கு லேப்டாப்ல தான் வேலை, எங்க இருந்தாலும் ஓடும். பையன் மூணாவது படிக்கறான். மாமியார் எங்க கூட தான் இருக்காங்க, இருப்பாங்க.

போன ஞாயித்துக்கிழமை சூளைமேடு பக்கம் வீடு பாக்கப் போனோம். மெயின் ரோட்டுல இருந்து ஒரு தெரு, அதுல இருந்து ஒரு சந்து, எதிர்ல பைக் வந்தா நாம செவுத்தோட ஒட்டி நிக்கணும். ரெண்டாவது மாடி. பெட்ரூம் ஜன்னலைத் திறந்தா பக்கத்து பில்டிங் செவுரு, கைய நீட்டினா தொடலாம், எங்க பையன் தொட்டே காட்டினான். காத்து எங்க சார் வரும்னு இவரு கேட்டதுக்கு ப்ரோக்கர் "ஏசி பாயிண்ட் இருக்கு சார்"னு சொல்றாரு. மாமியார் வீடு பூரா சுத்தி வந்துட்டு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாங்க, "வத்தல் எங்க காய வெக்கறது?" யாருக்கும் பதில் தெரியல.

திரும்பி வரும்போது ட்ரெயின்ல போன்ல தேடிப் பாத்தேன். 2011 சென்சஸ் படி சென்னைல ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,500 பேருக்கு மேல. நம்ம வேலூர் மாநகராட்சி 88 சதுர கிலோமீட்டர் கிட்ட, ஜனம் 5 லட்சத்து சொச்சம், வகுத்தா 5,700 வருது. அப்ப நாலரை மடங்கு நெரிசலுக்குள்ள போய் உக்காரப் போறோமா? மே மாசம் நாங்க எல்லாரும் மாடில தண்ணி தெளிச்சு பாய் போட்டு தூங்கறவங்க. இங்க இருந்து போனவங்க யாராவது உண்மையா சொல்லுங்க, பழகிடுமா இல்ல பழகிட்டதா நாமளே சொல்லிக்கணுமா?

---

கேணிபோர்ஷன் எழுதியது:

அக்கா நான் குடியாத்தம். திருவல்லிக்கேணி வந்து 11 வருஷம் ஆச்சு, மொதல்ல மேன்ஷன், கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு போர்ஷன். ஒரே காம்பவுண்டுல ஆறு குடும்பம், கெணறு மூடிட்டாங்க, நடுவுல முத்தம் மட்டும் இருக்கு.

பழகும். ஆனா பழகறதுன்னா என்னன்னா, கூட்டம் பழகாது, சத்தம் தான் பழகும். கல்யாணம் ஆன புதுசுல என் வீட்டம்மா அடுப்புல குக்கர வெச்சுட்டு முத்தத்துல துணி தொவைப்பாங்க, விசில் மூணு எண்ணிட்டு வந்து அடுப்பை அணைப்பாங்க, திறந்தா அரிசி அரிசியா நிக்கும். அப்புறம் தான் தெரிஞ்சுது, எண்ணினதுல ரெண்டு விசில் பக்கத்து வீட்டு விசில்னு. இப்ப அவங்களுக்கு ஆறு வீட்டு குக்கரும் தனித்தனியா தெரியும், நம்ம விசில் கொஞ்சம் கட்டையா இருக்குமாம்.

கஷ்டம்னா தண்ணி தான். 2019 வெயில்ல சென்னைக்கு தண்ணி குடுக்கற ஏரி எல்லாம் காஞ்சு போய், லாரி வந்தா தெருவே குடத்தோட ஓடும். அந்த ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ட்ரெயின்ல தண்ணி ஏத்தி வில்லிவாக்கத்துக்கு கொண்டாந்தாங்க ஞாபகம் இருக்கா, 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். டிவில பாத்துட்டு எங்க அம்மா குடியாத்தத்துல இருந்து போன் பண்ணி "நம்ம பக்கத்து தண்ணி வருதாமே, ஒழுங்கா புடிச்சு வெச்சுக்கோ"ன்னு சொன்னாங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, ஒரு மாதிரியும் இருந்துச்சு. இத்தனை லட்சம் பேரு ஒரே எடத்துல சேந்துட்டா அந்த எடத்து மழை பத்தாது, 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கற தண்ணிய கேக்கும், அவ்ளோ தான் விஷயம்.

நல்லதும் சொல்லணும்ல. ராத்திரி பதினோரு மணிக்கு புள்ளைக்கு ஜொரம்னா தெருமுனைலயே மருந்துக்கடை திறந்திருக்கும். என் வீட்டம்மா செகண்ட் ஷிப்ட் முடிச்சு பத்தரைக்கு தனியா நடந்து வருவாங்க, ஒரு நாள் கூட பயந்ததில்ல, ஏன்னா அந்த நேரத்துலயும் தெருவுல நூறு பேரு இருப்பாங்க. குடியாத்தத்துல எங்க தெரு ஒம்பதுக்கே அடங்கிடும்.

---

பாபுராவ்தெருலாட்ஜ் எழுதியது:

இன்னா சிஸ்டர், வேலூர்ல கூட்டம் இல்லன்னு யாரு சொன்னது? சத்துவாச்சாரில இருந்துனு சொல்றீங்கோ. ஒரு நாள் காலைல ஆறரை மணிக்கு நம்ம தெருவுக்கு வந்து பாருங்கோ.

நானு இருவது வருசமா லாட்ஜ்ல மேனேஜரு. சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, அப்படியே காகிதப்பட்டறை, நம்ம வேலூர் சைதாப்பேட்டை வரிக்கும் வீடு எதுன்னு லாட்ஜ் எதுன்னு தெரியாது, முன்னாடி குடித்தனமா இருந்த வீட்டையே தடுத்து தடுத்து ரூமா ஆக்கிட்டாங்கோ. ஒரு ரூம் எட்டுக்கு பத்து. ரெண்டு கட்டில். அதுல பேஷண்டு ஒருத்தரு, கூட மூணு பேரு. வங்காளம், அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ், எல்லா பக்கமும் வருவாங்கோ, நாலு நாளுன்னு வந்து நாப்பது நாளு இருப்பாங்கோ. நாங்கோ அடுப்பும் ரெண்டு பாத்திரமும் குடுப்போம், அவங்கோ சமைச்சுக்குவாங்கோ. மார்க்கெட்ல கடுகெண்ணெய் கிடைக்கும், பட்டோல்னு அவங்க ஊரு காய் கிடைக்கும், காய் விக்கிற நம்ம ஆயா பெங்காலில வெல சொல்லும். போர்டு எல்லாம் பெங்காலில கீது.

காலைல நாலு மணிக்கு மோட்டார் போடுவேன். ஆறு மணிக்கு டேங்க் காலி. எல்லாரும் ஒரே நேரத்துல எழுந்து ஒரே நேரத்துல குளிச்சு ஒரே நேரத்துல ஓபி டோக்கனுக்கு ஓடறாங்கோ, அது தான் பிரச்சின. மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தா அதே தெரு காலியா கீது. மாடில போய் பாத்தா கொடில சேல, லுங்கி, ஆஸ்பத்திரில குடுத்த பச்ச துணி, நடக்க வழி இருக்காது. வத்தல் போட எடம் இல்லன்னு உங்க மாமியார் கவலப்படுது, எங்க மாடில கால் வெக்கவே எடம் இல்ல!

அதனால நாலரை மடங்கு, அஞ்சு மடங்குன்னு பயப்படாதீங்கோ. எங்க தெரு உங்க சூளைமேட்டுக்கு அப்பன்.

---

ஓய்வுவாத்தியார் எழுதியது:

லாட்ஜ்காரத் தம்பி சொன்னது தான் இதுல முக்கியமான விஷயம். அந்த 5,700ங்கற கணக்கை நானும் கூட்டிக் கொடுத்தவன்ங்கறதால சொல்றேன். 2011 சென்சஸ்ல நான் எனுமரேட்டர், பள்ளிக்கூட வாத்தியாருங்க தானே அந்த வேலைக்குப் போவோம். பிப்ரவரி 9ல இருந்து 28 வரைக்கும் வீடு வீடா போனோம், மார்ச் 1ம் தேதி தான் கணக்குத் தேதி.

என் பிளாக்குல லாட்ஜும் இருந்துச்சு. ஒரு ரூம்ல மேற்கு வங்காளத்து மால்டாவுல இருந்து வந்த குடும்பம், அப்பாவுக்கு கிட்னி. பேரு எழுதலாம்னு பேனாவ எடுத்தேன், "உங்க ஊர்ல வீடு இருக்கா, திரும்பிப் போவீங்களா"ன்னு கேக்கணும், அது விதி. வீடு இருக்கு, அண்ணன் இருக்காரு, அடுத்த வாரம் போயிடுவோம்னாங்க. அப்ப அவங்கள அங்க தான் எண்ணுவாங்க, இங்க எழுதக் கூடாது. எழுதல. அவங்க குடிச்ச தண்ணி, போன கக்கூஸ், ஏறின ஆட்டோ, போட்ட குப்பை எல்லாம் வேலூர்ல, ஆனா கணக்குல அவங்க மால்டாவுல. அந்த மாதிரி எத்தனை ரூமுக்கு நான் எழுதாம வந்தேன் தெரியுமா?

இன்னொரு பக்கம் பாருங்கம்மா. நீங்க வகுத்தீங்களே 88 சதுர கிலோமீட்டர், அது என்ன 88? நகராட்சியா இருந்தது 2008ல மாநகராட்சி ஆச்சு, 2011ல உங்க சத்துவாச்சாரி, தாராபடவேடு, அல்லாபுரம், தொரப்பாடி எல்லாம் உள்ள வந்துச்சு. ஊரோட சேந்து பாலாத்து மணலும் உள்ள வந்துச்சு, மலையும் வந்துச்சு, ஏரியும் வந்துச்சு. மணல்ல யாரு குடியிருக்காங்க? (2021 நவம்பர்ல வந்த வெள்ளத்தப் பாத்தவங்க அதுல குடியிருக்கணும்னு நெனைக்கவும் மாட்டாங்க.) தண்ணி இல்லாத ஆறு, ராசா இல்லாத கோட்டைன்னு நம்மூரக் கிண்டல் பண்ணுவாங்கல்ல, அந்த ஆத்தையும் அகழியையும் சேத்து ஆளுங்களப் பிரிச்சுப் போட்டா எல்லாருக்கும் தாராளமா எடம் இருக்கற மாதிரி தான் தெரியும். கொசப்பேட்டைலயும் சுண்ணாம்புக்காரத் தெருவுலயும் இருக்கறவங்கள கேளுங்க, அந்த எடம் எங்கன்னு.

நீங்க பாத்த சென்னைக் கணக்கும் பழசு. 26,500ங்கறது பழைய 176 சதுர கிலோமீட்டருக்கு, 46 லட்சம் பேருக்கு. 2011 கடைசில மாநகராட்சி எல்லைய 426 ஆக்கினாங்க, அம்பத்தூர், மாதவரம், சோழிங்கநல்லூர்னு நெருக்கம் கம்மியான எடமெல்லாம் சேந்துச்சு. ஒரு ஆள் கூட வீடு மாத்தல, ஆனா நெருக்கம் மட்டும் கொறஞ்சு போச்சு! அப்புறம் 2021ல எடுக்க வேண்டிய சென்சஸ் தள்ளிப் போச்சு, அதனால இப்ப யார் எந்த ஊரு நெருக்கத்தப் பத்தி பேசினாலும் 2011ஐ வெச்சு தான் பேசறாங்க. உங்க பையன் அப்ப பொறக்கவே இல்ல.

அதனால ஊர வெச்சு முடிவு பண்ணாதீங்க. தெருவ வெச்சுப் பண்ணுங்க, அதுவும் நேரத்தோட சேத்து. ஞாயித்துக்கிழமை வீடு பாக்கப் போனது தப்பு. வேலை நாள்ல காலைல ஏழுல இருந்து எட்டரை வரைக்கும் அந்தத் தெருமுனைல ஒரு டீய வாங்கிட்டு நில்லுங்க. தண்ணி எப்படி வருது, குப்பை யார் எடுக்கறாங்க, ஸ்கூல் வேன் எங்க நிக்குது, எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துல தெரிஞ்சிடும்.

---

சீசன்டிக்கெட் எழுதியது:

எதுக்குங்க குடி போறீங்க? காட்பாடில இருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர் தான். நான் ஆறு வருஷமா போய் வந்துட்டு இருக்கேன். ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல எங்க கோஷ்டி ஒண்ணு இருக்கு, ஜோலார்பேட்டைலயே துண்டு போட்டு சீட் புடிச்சு வெச்சிருப்பாங்க, ஆம்பூர்காரர் ஒருத்தர் சுண்டல் கொண்டு வருவார். சொந்த வீட்டை விட்டுட்டு செவுத்தப் பாத்துட்டு உக்காரணுமா?

---

கேணிபோர்ஷன் எழுதியது:

@சீசன்டிக்கெட் அண்ணே, காலைல அஞ்சரைக்கு வீட்ட விட்டா ராத்திரி எத்தனை மணிக்கு வீடு? உங்க புள்ளைங்கள முழிச்சிருக்கும்போது எப்ப பாத்தீங்க? கோவிச்சுக்காதீங்க. ஆனா அந்தக் கூட்டமும் கூட்டம் தானே, வீட்டுல இல்லாம ட்ரெயின்ல இருக்கு.

---

சீசன்டிக்கெட் எழுதியது:

ஒம்பதே கால். ஞாயித்துக்கிழமை பாப்பேன்.

சரி, உண்மை தான். ஆனா என் சம்பளத்துல அங்க வாடகை குடுத்தா மிச்சம் இல்ல தம்பி. எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு நெருக்குது.

---

வாணியம்பாடிடுசயான் எழுதியது:

நான் மும்பை. எங்க நைனா தோல் வேலைக்கு வாணியம்பாடில இருந்து தாராவிக்கு வந்தவரு, நான் பொறந்தது இங்க, இப்ப சயான்ல ஒரு பில்டிங்ல ஏழாவது மாடி. தமிழ் எழுத்துல தப்பு இருந்தா மன்னிக்கவும்.

வாத்தியார் ஐயா சொன்ன கணக்கு இங்கயும் அதே தான். 2011ல மும்பைக்கு 1.24 கோடி பேரு. ஆனா இந்த சிட்டிக்குள்ளயே போரிவலி பக்கம் நேஷனல் பார்க்கோட பெரிய பங்கு இருக்கு, சிறுத்தை எல்லாம் இருக்கு, அதையும் சேத்து தான் வகுக்கறாங்க. சிறுத்தையோட எடத்துல எங்க பங்கு எங்கன்னு நாங்க கேலி பேசுவோம்.

ஆனா நான் ஒண்ணு சொல்லணும், நெருக்கம் வேற, அடைசல் வேற. தாராவில நாங்க ஒம்பது பேரு ஒரே ரூம், மேல பரண் போட்டு அதுல தான் நானும் தம்பியும் படிச்சோம், பரண்ல உக்காந்தா தலை இடிக்கும். கீழ் வீட்டுக்கு மேல வீடு கெடையாது, ஒசரம் கம்மி. இப்ப நான் இருக்கற பில்டிங் 14 மாடி, அதே அளவு தரைல எங்க பழைய லைனை விட ஜாஸ்தி பேரு தான் இருக்காங்க, ஆனா எனக்கு ரெண்டு ரூம், வீட்டுக்குள்ள கக்கூஸ். எங்க அம்மா இங்க வந்த மொத வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து எழுந்து பாத்ரூம் லைட்ட போட்டுப் பாப்பாங்க. தாராவில பொது கக்கூசுக்கு விடியறதுக்கு முன்னாடி வரிசைல நின்ன ஆளு. ஒரு தலைக்கு வீட்டுக்குள்ள எவ்ளோ எடம், தண்ணி எத்தனை மணி நேரம், கக்கூஸ் எத்தனை பேருக்கு ஒண்ணு, இத கேளுங்க. சதுர கிலோமீட்டர் உங்களுக்கு எதுக்கு?

2020 கொரோனா அப்ப தாராவி முடிஞ்சுதுன்னு தான் எல்லாரும் எழுதினாங்க, எங்க சித்தப்பா அங்க தான் இருந்தாரு, நாங்க தூங்கவே இல்ல. வீடு வீடா போய் ஜொரம் பாத்து, ஸ்கூலையும் மண்டபத்தையும் எடுத்து ஆளுங்கள தனியா தங்க வெச்சாங்க. அந்த ஜூலைல உலக சுகாதார நிறுவனமே தாராவிய உதாரணமா சொல்லுச்சு.

ட்ரெயின் மட்டும் மாறவே இல்ல. லோக்கல்ல பீக் அவர் கூட்டத்துக்கு ரயில்வேக்காரங்களே ஒரு பேர் வெச்சிருக்காங்க, சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோடுன்னு, ஒரு சதுர மீட்டர்ல 14ல இருந்து 16 பேர் நிக்கறது. ஒரு தடவ எறங்கினப்ப என் சட்டைல பட்டன் இல்ல, பையில வேற யாரோட கர்சீப்போ இருந்துச்சு.

---

பாபுராவ்தெருலாட்ஜ் எழுதியது:

கர்சீப் தானே, எங்க லாட்ஜ்ல ஒருத்தரு பல்செட்ட மாத்தி எடுத்துனு அசாமுக்கே போய்ட்டாரு. கொரியர்ல வந்துச்சு.

சிஸ்டர் எங்க காணோம்?

---

வத்தல்வடாம் எழுதியது:

இங்க தான் இருக்கேன், எல்லாத்தையும் மாமியாருக்கு படிச்சுக் காட்டிட்டு இருந்தேன். பல்செட்டு கதைய ரெண்டு தடவ படிக்க சொன்னாங்க.

வாத்தியார் ஐயா, நீங்க சொன்னபடியே நேத்து வியாழக்கிழமை லீவு போட்டுட்டு விடியக்காலைலயே கெளம்பி போனோம், நானும் மாமியாரும். அந்த ஞாயித்துக்கிழமை சந்துல ஏழு மணிக்கே ரெண்டு தண்ணி லாரி, ஒண்ணு உள்ள போக ஒண்ணு ரிவர்ஸ் வர, நடுவுல ஸ்கூல் வேன், ஒரு அம்மா பால் பாக்கெட்ட வேன் ஜன்னல் வழியா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்கு தூக்கிக் குடுக்கறாங்க, டிரைவரும் வாங்கி அந்தப் பக்கம் குடுக்கறார், தினம் நடக்கறது போல. அந்த வீடு வேணாம்னு அங்கயே முடிவு பண்ணிட்டோம்.

அங்க இருந்து நாலு தெரு தள்ளி இன்னொண்ணு பாத்தோம். பழைய பில்டிங், மூணு மாடில எட்டு வீடு, எங்களுக்குக் காட்டினது மொத மாடி. ரூம் சின்னது தான், ஆனா ரெண்டு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் வேப்பமரம். தண்ணி காலைல ஒரு மணி நேரம் வருமாம், சம்ப்பு இருக்கு. குக்கர் விசில் ரெண்டு வீட்டுது தெளிவா கேட்டுச்சு, கேணிபோர்ஷன் தம்பிய நெனச்சு சிரிச்சேன். பஸ் ஸ்டாப் அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ்ஸு போறத நின்னு எண்ணிட்டே வந்தேன். எதிர் வீட்டுல நம்ம ஆற்காடு பக்கத்து கலவை தான் சொந்த ஊர்னு சொன்ன ஒரு அம்மா இருந்தாங்க, மாமியார் அவங்க கூட படில உக்காந்துட்டு எழுந்துக்கவே இல்ல, அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச சொந்தக்காரங்க மூணு பேரக் கண்டுபுடிச்சுட்டாங்க.

வாடகை தான் நாங்க நெனச்சத விட மூவாயிரம் ஜாஸ்தி. அட்வான்ஸ் இன்னும் குடுக்கல, இவரு பாத்துட்டு சொல்றேன்னு இருக்காரு.

---

பாபுராவ்தெருலாட்ஜ் எழுதியது:

முக்கியமானத சொல்லலியே சிஸ்டர். மொட்டை மாடி?

---

வத்தல்வடாம் எழுதியது:

இருக்கு அண்ணா. நல்ல வெயிலு, தட்டோடு போட்ட தரை. ஆனா கதவுக்கு பூட்டு, சாவி மூணாவது மாடில ஓனர் வீட்டுல. மாமியார் நேரா மேல ஏறிப் போயிட்டாங்க, நான் கீழயே நின்னேன். கால் மணி நேரம் கழிச்சு வந்து "செவ்வாய், வெள்ளி குடுக்கறாளாம், பங்குனில ரெண்டு படி வடாம் அவளுக்கு"ன்னு சொன்னாங்க.